மூலை மடித்த கார்டு

என் புருஷன் இஸ்ரவேலுக்கு மரியாதை ரத்தத்திலே ஊறியது. அவருடைய தாத்தா இந்த மிஷன் பங்களாவில் பட்லராக இருந்து, மூத்த துரைசாணியிடம் வசை வாங்கி வாங்கிப் படித்த மரியாதை அது. இப்போது பங்களாவைப் பார்த்துக்கொள்கிற வேலை எங்களுக்கு. வாயாடிப் பொம்பளைக்கு விக்டோரியா ராணி காலத்து வெள்ளைக்காரர்கள் ‘சர்ச் பெல்’ என்று பெயர் வைத்திருந்தார்களாம். கல்யாணமான நாள் முதல் இவர் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார். நானும் அடிக்க வேண்டிய நேரத்தில் அடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

துரைசாணி செத்து எண்பது வருஷம் இருக்கும். பங்களாவுக்குப் பின்னால் புளியமரத்தடியில் அவள் கல்லறை. வெள்ளைக்காரன் நாட்டை விட்டே போய் நாலைந்து வருஷமாகிறது, இவள் மட்டும் போகவில்லை. முன்னறையில் ஒரு பெண் வந்து தங்கினால் போதும், மத்தியானம் மூன்று மணிக்கு மேல் பார்க்க வந்துவிடுவாள். அதற்கு அவர்கள் பாஷையில் ‘மார்னிங் கால்’ என்று பேர். மத்தியானம் வருவதற்குக் காலை என்று பேர் வைத்த கூத்தை எங்கே போய்ச் சொல்ல!

வருவதற்குச் சட்டமும் உண்டு. கூப்பிடாமல் உள்ளே வரமாட்டாள். வீட்டில் இருக்கிற ஒவ்வொரு பெண்ணுக்கும் தன் பேர் அச்சடித்த ஒரு கார்டு என்று வாசல் தட்டில் வைப்பாள். நேரில் வந்தேன் என்பதற்கு அடையாளமாக அதன் மூலையை மடித்திருப்பாள். வேலைக்காரிக்குக் கார்டு கிடையாது, அதனால் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. ஆனால் உள்ளே அழைத்து உட்காரவைத்தால் தீர்ந்தது. வந்தவள் வீட்டுக்கு நாமும் போயாக வேண்டும், அவள் வீடோ புளியமரத்தடி. போன வருஷம் இங்கே தங்கிய டீச்சர் ஜெபகுமாரி, பாவம், யாரோ துரையம்மா என்று நினைத்துத் தேயிலை போட்டுக் கொடுத்தாள். அந்த வாரமே அவளைப் பக்கத்துக் குழியில் வைத்தோம்.

எங்கள் பின்கட்டு மழையில் சரிந்துவிட்டதால், தலைப்பிரசவத்துக்கு வந்த என் மகள் கிரேசியை அந்த முன்னறையில்தான் படுக்கவைக்க வேண்டியதாயிற்று. மறுநாளே தட்டில் ஒரு கார்டு கிடந்தது. அதை அடுப்பில் போட்டுவிட்டு, விடிந்ததும் இவளை இராஜாக்கமங்கலத்தில் என் தம்பி வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றிருந்தேன். விடியும்போதே வலி எடுத்துவிட்டது. “இனி வண்டியில ஏத்துனா ரெண்டு உசிருக்கும் ஆபத்தாக்கும்” என்று மருத்துவச்சி தாணம்மாள் சொல்லிவிட்டாள்.

“இஞ்ச பாருங்க, இன்னைக்கும் வருவா. என்ன சொல்லப் போறீங்க?” என்று இவரைப் பிடித்துக்கொண்டேன்.

“‘நாட் அட் ஹோம்’னு சொல்லணும். வீட்டுல இல்லன்னு அர்த்தம்.”

“உள்ள கெடந்து கத்துகா. பொய்யில்லியா?”

“பொய்யில்லட்டி, அது மரியாதை. சத்தம் கேட்டாலும் கேக்காத மாதிரி போயிருவா. தாத்தா சொல்லியிருக்காரு.”

ஜெபம் பண்ணுகிற வாயால் பொய்யா என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் எனக்கு என் பிள்ளைதான் பெரிசு, கர்த்தர் மன்னிக்கட்டும்.

மூன்று மணி அடித்தது. நல்ல வெயில். அந்துருண்டை வாசனை முதலில் வந்தது, பிறகு பட்டுத்துணி உரசுகிற சத்தம். கதவிடுக்கில் பார்த்தேன். குடை மாதிரி விரிந்த கறுப்புப் பாவாடை, இரண்டு கையிலும் கையுறை, முகத்தை மூடிய வலை. படியில் மாமர நிழல் விழுந்து கிடந்தது, அவளுக்கு மட்டும் நிழலில்லை.

“சிறிய அம்மாள் வீட்டில் இருக்கிறார்களோ?” பைபிளில் இருக்கிற தமிழ்.

“நாட் அட் ஹோம், மேடம்.” இவர் தலை குனிந்து சொன்னார்.

சரியாக அந்த நேரத்தில் கிரேசி உள்ளேயிருந்து, “எம்மா, செத்தேன்!” என்று அலறினாள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். துரைசாணியின் தலை முன்னறைப் பக்கம் மெல்லத் திரும்பியது. வெகுநேரம் அப்படியே நின்றாள்.

“அப்படியா. நான் வந்தேன் என்று சொல்லும்.”

தட்டில் ஏதோ விழுகிற சத்தம். திரும்பிப் படியிறங்கினாள். போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. இவருக்கும் வந்திருக்க வேண்டும். ஒரு பெருமூச்சு விட்டு, இரண்டு கையையும் கூப்பி, “போயிட்டு வாங்கம்மா” என்றார்.

அட பாவி மனுஷா! நாம் யாரையும் போ என்று அனுப்புகிறதில்லை. மீன்காரியிடம்கூடப் போயிட்டு வா என்றுதான் சொல்லுகிறோம். சாவு வீட்டில் மட்டும்தான் அந்தப் பேச்சு கிடையாது. அதைப் போய் செத்தவளிடமே சொல்லிவிட்டாரே!

அவள் கடைசிப் படியில் நின்றாள். “வரச் சொல்லுகிறீரோ?”

நான் வெளியே ஓடினேன். “இல்லம்மா, அது சும்மா பேச்சுக்குச் சொல்லுதது! வராதீங்க! போங்க! போ!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. வேலைக்காரி பேச்சை அவள் என்றைக்குக் காதில் வாங்கினாள்?

“அழைப்புக்கு நன்றி. நாளைக்கு வருகிறேன். தேயிலை ஆயத்தமாய் இருக்கட்டும்.”

புளியமரத்தைப் பார்த்து நடந்து போனாள். நான் இவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். “உங்க மரியாதையில மண்ணு விழ! எம்பிள்ளைய வித்துப்போட்டீங்களே!” இவர் சுவரோடு சரிந்து உட்கார்ந்து, “வாயில வந்துட்டுட்டி, தன்னால வந்துட்டு” என்று அழுதார்.

அப்போது உள்ளே பச்சைப்பிள்ளையின் அழுகை கேட்டது. தாணம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்த முகமாய்க் கதவைத் திறந்தாள். “பொம்பளப் பிள்ளையாக்கும் அக்கா. தாயும் பிள்ளையும் நல்ல சொகம்.”

அந்தக் கார்டை எடுத்துக் கிழித்துப் போடத் தட்டில் கையை வைத்தேன். தட்டில் இரண்டு கார்டுகள் இருந்தன. இரண்டிலும் மூலை மடித்திருந்தது.