விமானத்தின் வயிற்றுப்பக்கம்

என் மச்சான் என்னை நம்பி ஒரு வேலை கொடுத்தது, கல்யாணமான இந்த முப்பத்தாறு வருடத்தில் அன்றைக்குத்தான். அதனாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது.

மச்சான் என்றால் என் பெண்டாட்டியின் அண்ணன். பட்டாளத்து விமானங்களுக்கு மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். நான் கார்களுக்குப் பெயின்ட் அடித்தவன். அவருடைய காரில் கீறல் விழுந்தபோதுகூட என் பட்டறையைத் தாண்டிப் போய் இன்னொருவனிடம்தான் விட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "நீ கையில பாதி, வாயில பாதி மாப்ளே" என்றார். அவர் மனைவி போன பிறகு எங்கள் வீட்டுப் பின்னறையில்தான் இருக்கிறார். ஒரே மேஜையில் சாப்பிடுகிறோம். என் தொழிலைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை அவர் வாயிலிருந்து விழுந்ததில்லை.

அந்தப் பின்னறையில்தான் அவர் விமானம் கட்டினார். என் முழங்கை நீளம் இருக்கும். பெட்டியில் துண்டு துண்டாக வந்த பிளாஸ்டிக்கை எட்டு மாதம் உட்கார்ந்து ஒட்டினார். இரண்டு இன்ஜின் வைத்த சரக்கு விமானம். பதினாறு வருடம் அவர் கையில் இருந்த அதே ரகம். அவருக்கு ஒரு கண் நரம்பு செத்து நாலு வருடம் ஆகிறது. மிச்சக் கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு, மிளகு அளவு எழுத்துகளை எல்லாம் தண்ணீரில் ஊறவைத்து ஒட்டினார். கடைசி எழுத்தை ஒட்டிய வாரத்தில், எல்லாமே பாலுக்குள் இருக்கிற மாதிரி தெரிகிறது என்றார். புரை. ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள்.

பாக்கி இருந்தது ஒரே வேலை. மேலே மேட் வார்னிஷ் அடிக்க வேண்டும். பளபளப்பே இல்லாமல் காய்கிற பூச்சு அது. பட்டாளத்து விமானம் வெயிலில் மின்னினால் தூரத்திலிருந்தே பார்த்துவிடுவார்களாம்.

"கட்டு அவுத்துட்டு வந்து நான் மொதல்ல பாக்கப்போறது இதைத்தான் மாப்ளே" என்றார். "டின்னை அடிவரைக்கும் கலக்கு. பத்து நிமிஷம்."

நாற்பது வருடம் பெயின்ட் அடித்தவனுக்குக் கலக்கச் சொல்லித் தருகிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரி சரி என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்தப் பத்து நிமிஷம் என் காதுக்குள்ளேயே போகவில்லை.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை, கட்டு அவிழ்ப்பதற்காக என் வீட்டுக்காரி அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். நான் வீட்டில் தனியாக இருந்தேன். அறையைத் துடைத்து, தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கினேன். விமானத்தின் கண்ணாடி ஜன்னல்கள் மேல் டேப் ஒட்டினேன். பிறகு டின்னைத் திறந்தேன்.

மேலே தெளிவாக இருந்தது. அடியில் வெள்ளையாக, மாவு மாதிரி ஒரு விரல் கனத்துக்குப் படிந்து கிடந்தது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. கடைக்காரன் பழைய சரக்கைத் தள்ளிவிட்டிருக்கிறான். கார் வார்னிஷில் அடியில் கசடு நின்றால் டின் கெட்டுப்போனது என்றுதான் அர்த்தம். லேபிளில் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. நான் படித்தது ஐந்தாவது, அதுவும் அந்தப் பாஷை இல்லை. படிக்கத் தெரிந்திருந்தாலும் லேபிளை நம்பியிருக்க மாட்டேன். விற்கிறவன் எழுதுவதுதானே அது.

தெளிந்ததை மட்டும் ஆடாமல் வேறு பாட்டிலில் இறுத்தேன். துணியில் வடிகட்டினேன். கசடைப் பழைய பேப்பரால் வழித்து, பேப்பரை மடித்துக் குப்பைக்கூடையில் போட்டேன். காலி டின், தின்னர் ஊற்றி வைக்க ஆகும் என்று கழுவிக் கவிழ்த்தேன். அவ்வளவு சுத்தம்.

ஸ்ப்ரே கன்னில் ஊற்றி அடித்தேன். கை இன்னும் நடுங்கவில்லை. ஒரு வடிசல் இல்லை, ஒரு தூசி இல்லை. மேலே, பக்கம், அடி என்று எல்லா இடத்திலும் கண்ணாடி மாதிரி படர்ந்தது. ஈரத்தில் எல்லாம் மின்னத்தான் செய்யும், காய்ந்தால் மங்கிவிடும் என்று டீ போட்டுக் குடித்தேன். டீத்தூள் சக்கையையும் அதே கூடையில் கொட்டினேன்.

ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். தண்ணீரிலிருந்து அப்போதுதான் எடுத்த மீன் மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டேன். காய்ந்திருந்தது. காய்ந்தும் மின்னுகிறது.

ஆயுசு முழுக்கப் பளபளப்புக்குத்தான் கூலி வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு அதைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரி போன் செய்தாள். டாக்டர் இன்னும் கூப்பிடவில்லையாம். அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருக்கிறாராம். பிளேன் முடிந்ததா என்று மட்டும் இரண்டு தடவை கேட்டாராம். முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது.

கடைக்காரனைக் கூப்பிட்டுக் கெட்ட சரக்கு கொடுத்தாய் என்று கத்தினேன். அவன் நிதானமாகக் கேட்டான். "பெரியவரே, அடியில வெள்ளையா ஒண்ணு இருந்திருக்குமே, அது எங்க?"

"குப்பையில."

"அப்ப மேட்டும் குப்பையிலதான் இருக்கு."

அந்த மாவுதான் பளபளப்பைக் கொல்லுகிற மருந்தாம். அடியில் தங்குவது அதன் குணமாம். அதற்குத்தான் பத்து நிமிஷம் கலக்கச் சொல்வதாம். வேறு டின் அடுத்த வாரம்தான் வரும் என்றான். நான் நன்றி சொல்லாமல் போனை வைத்துவிட்டேன்.

கூடையைத் தரையில் கவிழ்த்தேன். பேப்பர் வெளியே டீயில் ஊறிப் பழுப்பாக இருந்தது. பிரித்தால் உள்மடிப்பில் மாவு இன்னும் ஈரமாக, பற்பசை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. பழைய பிளேடால் சுரண்டினேன். பாதிதான் தேறியது, ஒரு கரண்டிகூட இல்லை. தின்னரில் கரைத்து, பேப்பர் பொடி போக வடிகட்டி, மிச்ச வார்னிஷில் கொஞ்சத்தை ஊற்றிக் கலக்கினேன். இந்தத் தடவை கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு கலக்கினேன்.

பிளாஸ்டிக் ஸ்பூன் ஒன்றை எடுத்து அடித்துப் பார்த்தேன். சாம்பல் பூசினது மாதிரி வெளுத்துவிட்டது. மாவு அதிகம். வார்னிஷ் சேர்த்து இரண்டாவது ஸ்பூன். இன்னும் வெளுப்பு. ஜன்னலுக்கு வெளியே மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. மழை ஈரத்தில் அடித்தால் எந்த வார்னிஷும் வெள்ளையாகப் பூத்துப்போகும், அது எனக்குப் பட்டறையிலேயே தெரியும். நாலாவது ஸ்பூன் முட்டை ஓடு மாதிரி காய்ந்தது. அதுதான் பதம்.

இரண்டு மணிக்கு மறுபடியும் போன். கட்டை அவிழ்த்தாகிவிட்டது.

"தெரியுதாமா?" என்றேன்.

"ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறார். கறுப்புக் கண்ணாடி மாட்டி விட்டிருக்காங்க. போகப் போகத் தெளியும்னு டாக்டர் சொல்றார்." அவள் குரல் தேய்ந்து போயிருந்தது. போகப் போக என்று எந்தத் தொழில்காரன் சொன்னாலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

மேல்பக்கம் அடித்தேன். இரண்டு பக்கவாட்டும் அடித்தேன். இறக்கையின் மேல்பக்கம் முடியும்போதே கன் காற்றைத்தான் துப்பியது. தீர்ந்துவிட்டது. அடிப்பக்கம் முழுக்கப் பளபளப்பாகவே நின்றது. காருக்கு அடியில் எவன் குனிந்து பார்க்கிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டேப்பை உரித்து, ஜன்னலோர மேஜையில் நேராக நிற்க வைத்தேன். பதினைந்து நிமிஷத்தில் மழை பிடித்தது.

அவர்கள் வரும்போது மணி நாலு, மழை விட்டு வெயில் வந்திருந்தது. வீட்டுக்காரி அவர் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். அவர் நாற்காலியைத் தடவித்தான் உட்கார்ந்தார். கண்ணைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"கொண்டா" என்றார்.

கையில் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தார். மேல்பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தார், அல்லது பார்க்கிற மாதிரி இருந்தார். கட்டைவிரலால் முதுகைத் தடவினார்.

"நல்லா இருக்கு மாப்ளே."

முப்பத்தாறு வருடத்தில் சொல்லாத வார்த்தை. பார்த்திருந்தால் ஒரு குற்றமாவது சொல்லியிருப்பார். கண் வரவில்லை, மனுஷன் நம்மைத் தேற்றுகிறார் என்று முடிவே செய்துவிட்டேன். என் வீட்டுக்காரியும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போது அவர் விமானத்தை மல்லாக்கத் திருப்பினார்.

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். ஜன்னல் வெளிச்சம் அந்த வயிற்றில் பட்டு அவர் கன்னத்தில் ஆடியது. கண்ணைச் சுருக்கினார்.

"இங்க ஏன்யா மின்னுது?"

நானும் குனிந்து பார்த்தேன்.

"இங்க பாரு, ஜன்னல் கம்பி ஆறும் இதுல தெரியுது. நாசம் பண்ணி வெச்சிருக்கே. அடியில எவன் பாக்கப்போறான்னு விட்டுட்டியா?"

நான் கம்பியை எண்ணினேன். ஆறுதான். வீட்டுக்காரி அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டு அழுதாள். அவர் அவளைப் பார்த்து, மருந்து போட்ட கண்ணு, அதை நம்பி முன்னாடியே எதையும் சொல்ல வேண்டாம்னுதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன் என்றார்.

பிறகு என்னிடம் திரும்பி, பதினாறு வருடம் விமானத்துக்கு அடியில் மல்லாந்து கிடந்தவன் நான், மேலே என்ன நிறம் என்பதே படத்தில் பார்த்துத்தான் தெரியும் என்றார். கசடு, குப்பைக்கூடை, டீச்சக்கை எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நாலு ஸ்பூனையும் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நாலாவதை மட்டும் தன் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப மேல நல்லா இருக்குன்னது?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அது நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அடுத்த வாரம் டின் வந்தது. இந்தத் தடவை கலக்குவதற்கு அவரே உட்கார்ந்தார். என்னை நம்பவில்லை. நான் எதிரில் நாற்காலி போட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குச்சியை எடுத்து டின் விளிம்பில் தட்டினார்.

"இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு மச்சான்" என்றேன்.