நாற்பத்தொன்பதாம் நாள் ஓதல்

ஒன்பதாம் திங்களின் வாடை லூகாங் ஊரில் இறங்கிவிட்டது. கடலின் உப்பையும் கரையின் மணலையும் சுமந்து, மூடிய கதவுகளின் இடுக்குதோறும் நுழைந்து, ஞாயிற்றை மங்கிய வெண்கலத் தட்டாக்கி, ஓயாது ஊதிற்று. சிப்பி வயல்கள் ஆளற்றுக் கிடந்தன.

சியோக்ஹுன்னின் கணவன் தியாம்ஹோக் இறந்து அன்று நாற்பத்தொன்பதாம் நாள். ஏழு நாளுக்கொரு முறையாக, கோயிலின் ஓதல் குழு ஆறு முறை வந்து சூத்திரம் ஓதியது; ஆறும் அரசு மொழியான மாண்டரினில். சிப்பி பறித்தே வாழ்ந்தவனுக்கு அம்மொழி வராது. ஊர்மொழி பேசினான் என்று பள்ளியில் கழுத்தில் பலகை மாட்டிய அன்றே படிப்பை விட்டவன் அவன். இறுதி ஓதலையேனும் தன் மொழியில் கேட்டு அவன் மறுமைக்கு வழி காணவேண்டும். அவள் வேண்டியது அவ்வளவே. குழுத்தலைவி கிம்லியானும் தலையசைத்திருந்தாள். ஆதலால், சூத்திரத்தின் ஒவ்வோர் எழுத்தின் அருகிலும் ஊர்மொழியின் ஒலிக்குறிகளைத் தன் கையாலேயே இட்டு, எட்டுப் பிரதிகள் எழுதிக் கொடுத்திருந்தாள்.

பிற்பகலில் கறுப்பு அங்கியணிந்து எண்மர் வந்தனர். கைகளில் பழைய அச்சுப் புத்தகங்களே இருந்தன.

"அக்கா, நான் எழுதிக் குடுத்தது?"

"கொண்டாந்திருக்கோம்டி. ஆனா நகராட்சித் தலைவர் துக்கம் கேக்க வர்றாராம். அவர் முன்னாடி மீன் சந்தை மாதிரி ஓதினா நல்லாவா இருக்கும்?" என்றாள் கிம்லியான்.

"அவருக்கா ஓதுறீங்க? எங்க வீட்டுக்காரருக்குத்தானே?"

"செத்தவங்களுக்கு எல்லா பாஷையும் புரியும்மா. உன் ஆளுக்கு உசுரோட இருந்தப்பதான் ஒண்ணும் புரியல," என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி. சிலர் வாய்பொத்திச் சிரித்தனர்.

மீன் வடிவ மரத் தாளக்கருவியின் தட்டலோடு மாண்டரின் முழங்கி ஓய்ந்தது. நகராட்சித் தலைவர் வரவில்லை. அவர் பெயர் தாங்கிய மலர்வளையம் மட்டும் வந்தது. எண்மரும் தேநீர் பருகிப் போயினர்.

கூடத்தைப் பெருக்கக் குனிந்தபோதுதான் கண்டாள். காற்றில் ஆடிய பூசை மேசையின் காலுக்கு அவளுடைய எட்டுப் பிரதிகளும் முட்டுக்கொடுத்திருந்தன.

மேசையைத் தோளால் தாங்கி அவற்றை உருவினாள். ஒன்றை மட்டும் தன் துக்க உடையின் கைமடிப்பால் துடைத்தாள். ஊதுவத்தி ஏற்றி, கணவனின் படத்தின் முன் மண்டியிட்டு, முதற்குறியின்மேல் விரல் வைத்தாள். அமிதாப புத்தரின் திருப்பெயரில் தொடங்கி, ஓரொலியும் விடாமல், அவன் மொழியில் தனியே ஓதி முடித்தாள். பின் நெற்றி தரையில் படத் தாழ்ந்தாள்.

"நல்லபடியா போய்ச் சேருங்க. வழியெல்லாம் வெளிச்சமா இருக்கட்டும். போற எடத்துலயாவது உங்க பேச்சுல உங்கள வாங்கன்னு கூப்பிடட்டும்."