ஆயிரத்துக்கு ஒன்று குறைவு

1

இந்தக் கதை ஒரு பொது அறிவுப் புத்தகத்திலிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பல் டாக்டரிடம் என் முறைக்காகக் காத்திருந்தபோது மேசைமேல் கிடந்தது. பிரித்த பக்கத்தில் 'வரலாற்றில் கொடிய நிலநடுக்கங்களும் ஆழிப்பேரலைகளும்' என்று ஓர் அட்டவணை. பல்வலிக்கு அது தேவலை என்று படித்தேன். 1556: 8,30,000 பேர். 2004: 2,27,898 பேர். பழைய காலத்தில் மக்கள் ஆயிரம் ஆயிரமாகத்தான் செத்திருக்கிறார்கள்; ஒற்றை ஒற்றையாகச் சாகத் தொடங்கியது அண்மையில்தான். அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: 'ஆயிரத்துக்குக் குறைவான உயிரிழப்புகள் சேர்க்கப்படவில்லை.'

அதை யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும் அல்லவா? அவரைப் பிடித்துக்கொண்டேன்.

2

தொடக்கம் அ: நிலம் நடுங்கியபோது வானம் நிர்மலமாக—

(வேண்டாம். பேரழிவுக் கதைகளில் வானம் எப்போதுமே நிர்மலம்தான்.)

தொடக்கம் ஆ: அட்டவணைக்காரருக்கு வயது ஐம்பத்திரண்டு. பதிப்பகத்தின் இரண்டாம் மாடியில், ஆடும் காலுக்கு அட்டை மடித்து வைத்த மேசை அவருடையது. நீளமான ஆறுகள், உயரமான கட்டடங்கள், கொடிய நிலநடுக்கங்கள் எல்லாம் அவர் பொறுப்பு. ஆயிரம் என்ற விதியைப் போட்டவரும் அவரே. பக்கத்தில் நாற்பது வரிதான் பிடிக்கும். எங்காவது கோடு கிழித்தாக வேண்டும்.

கோடு கிழித்த மூன்றாம் ஆண்டு அவருடைய சொந்த ஊர் இடிந்து விழுந்தது. அரசு கொடுத்த எண்ணிக்கை 999. அதில் ஒருத்தி அவர் தங்கை.

3

(999 எனக்கே இடிக்கிறது. கதைக்காகச் செய்த எண் என்று பார்த்தாலே தெரிகிறது. 987 என்று வைத்திருக்கலாம். ஆனால் பதின்மூன்று பேரைத் தேடி ஒரு மனிதரை அலையவிட என்னிடம் பக்கம் இல்லை.)

4

அதன்பின் பத்தொன்பது பதிப்புகள் வந்துவிட்டன. ஒவ்வோர் ஆண்டும் முதலாளி அதையே சொல்வார்.

"ஒண்ணுதானேய்யா குறையுது? போட்டுடுங்க. யார் வந்து எண்ணப் போறா?"

"நான் எண்ணுவேனே சார்."

இதே மனிதர்தான், நானூறு ஆண்டுக்கு முன் அழிந்த ஒரு துறைமுகத்துக்கு நாற்பதாவது வரியைக் கொடுத்தவர். ஆதாரம், ஒரு பயணி எழுதிய கடிதத்தில் 'ஆயிரம் பேர் இருக்கலாம்' என்ற ஒரே வாக்கியம். அந்தத் துறைமுகத்தில் அவருக்கு யாரையும் தெரியாது. அதனால் கை கூசவில்லை.

தங்கை இறந்தது எங்காவது ஓரிடத்தில் அச்சில் வர வேண்டும். அவர் ஆசை அவ்வளவுதான். பேர்கூட வேண்டாம், அவள் உள்ளே அடங்கிய ஓர் எண் போதும்.

5

அரசு முப்பதாம் நாளோடு எண்ணிக்கையை முடித்துவிட்டது. அந்த ஊரிலிருந்து வந்து இங்கே சலவைக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மாவின் கணவர் இறந்தது நாற்பத்து மூன்றாம் நாள். ஊர்க்காரர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்ன இந்தத் தகவலைக் கேட்டதும் அட்டவணைக்காரர் அரை நாள் விடுப்புப் போட்டு அந்தக் கடைக்குப் போனார். உள்ளே ஒரே ஆவி. அந்த அம்மா ஒரு சட்டையின் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரி பேப்பர் வச்சிருக்கீங்களாம்மா? காரணம் என்னன்னு போட்டிருக்காங்க?"

"கிட்னி. இடுப்பு வரைக்கும் சுவர் விழுந்திருந்துச்சு. எதுக்குக் கேக்குறீங்க?"

சொன்னார். ஆயிரத்தைச் சொன்னார், நாற்பது வரியைச் சொன்னார். தங்கையைச் சொன்னார், பத்தொன்பது வயது, மருந்துக்கடையில் வேலை, அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது தான்தான் என்பது வரை.

அந்த அம்மா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"உங்க தங்கச்சிக்காக நான் அழுதுடுவேன் சார், நெஜமா. ஆனா இவரு அன்னைக்குச் சாகல. நாப்பத்து மூணு நாள் என்கூட இருந்தாரு. கல்யாணமாகி ஒம்பது வருஷமா வாயத் தொறக்காத மனுஷன், அப்பதான் பேசினாரு. ஒரு நாள் நர்ஸம்மாவக் கிண்டல் பண்ணிச் சிரிச்சாருகூட. அவர அதுல சேத்துட்டா அந்த நாளெல்லாம் எங்க போகும்?"

அட்டவணைக்காரருக்குக் கோபம் வந்தது. தெருமுனை வருவதற்குள் அது வெட்கமாகிவிட்டது.

6

முடிவு ஒன்று: அந்த அம்மா மனம் மாறி, காகிதத்தோடு பின்னால் ஓடி வருகிறார். (எழுதிப் பார்த்தேன். ஓடவில்லை. கடையில் ஆள் நின்றது.)

முடிவு இரண்டு: விதியை 999 ஆக்கிவிடுகிறார். மறுநாளே 998 பேரைப் பறிகொடுத்த ஊரிலிருந்து ஓர் அண்ணன் மாடிப்படி ஏறி வருகிறார்.

முடிவு மூன்று: நான்.

7

நான் கட்டிய ஊர், நான் இடித்த ஊர். ஒரே எண்ணை எழுதி 999 பேரைக் கொன்றவனுக்கு இன்னும் ஒருவர் எம்மாத்திரம்?

ஒரு பேருந்து நடத்துநரை எடுத்துக்கொண்டேன். சட்டையில் பித்தான் ஒன்று போயிருந்தது. போகும் வழியில் தைத்துக்கொள்ளட்டும் என்று தையல்கடைக்கு அனுப்பினேன், பிழைத்துவிட்டார். வங்கிக் காவலாளி ஒருவரை நாற்காலியில் தூங்கவைத்தேன். தூக்கத்தில் யாரிடமோ "இரு, வந்துட்டேன்" என்றார். எழுப்பிவிட்டேன். போனால் போகிறது என்று ஒரு மோசமான ஆளையும் முயன்றேன். வாடகைக்கு இருப்பவர்களைப் படுத்தும் வீட்டுக்காரர். அவர் மனைவிக்கு மாத்திரை கொடுக்க வேண்டிய நேரமாம்.

(அப்படியென்றால் அந்த 999 பேர்? அவர்களில் ஒருவரையும் நான் இவ்வளவு கிட்டப் போய்ப் பார்க்கவில்லை. அதனால்தான் எழுத முடிந்தது.)

ஒருத்தியைத் தவிர. ஊர் இடிந்ததற்கு முந்தின நாள் சாயங்காலம் தங்கை அண்ணனுக்குப் போன் செய்தாள். இதை அவர் சலவைக்கடையில் சொல்லவில்லை, நானும் உங்களிடம் மறைத்தேன்.

"வேல புடிக்கலண்ணே. நைட்டு பஸ்ஸ புடிச்சு வந்துடட்டுமா?"

"ஒரு மாசம் பாத்துட்டுச் சொல்லு" என்றார் அவர். அந்த வரியை இப்போது அடித்துவிட்டேன். பதிலை நீங்கள் எழுதுங்கள். வரச் சொன்னால் எண்ணிக்கை 998 ஆகிவிடும், அந்த ஊர் எந்தக் காலத்திலும் அட்டவணையில் ஏறாது. அவரிடம் கேட்டுவிட்டேன்.

"ஏறவே வேணாம் சார்" என்றார்.