எர்த்துக்கு நின்ற இராமநாதன்

கண்டிக்குக் கிட்ட, திகனவில் புடைவைக்கடை ஸாகியின் புது வீட்டுக்கு, கசிகிற மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் கம்பி கிடையாது. அதற்குப் பதிலாக வயரிங் பாஸ், அதாவது மேஸ்திரி, இராமநாதன் வீட்டின் பின்பக்கம் வெறுங்காலோடு நின்றார். மழை பெய்தால் கதிரை போட்டு, குடை பிடித்து உட்கார்ந்தார். வீட்டுக்கு மின்சாரம் கொடுத்தவர்களும் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். யாரும் அதை மறைக்கவில்லை, பெரிதாகப் பேசவும் இல்லை.

இராமநாதன் கட்டுக்கலையில் பிறந்த டவுன்காரர். வீட்டு வயரிங்கைச் சோதித்து, விதிப்படி இருந்தால் சரியென்று கையெழுத்துப் போடுவது அவருடைய தொழில். தொழில் என்று பெயர்தான், பாதிப் பொழுது பேரத்திலேயே போகும். கண்டிப் பக்கத்தில் வீடு கட்டுகிறவன் சீமெந்துக்காரனிடமும் மணல்காரனிடமும் பேசிக் களைத்து, மிச்சம் வைத்த பேரத்தை விதிப் புத்தகத்தோடு பேச வருவான். குளியலறைக்குள் சுவிச் கூடாது என்றால், கதவு நிலையில் வைக்கலாமா என்பான். அதுவும் கூடாது என்றால், கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றினால் என்பான். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் பிளக் பொயின்ட் ஆகாது என்றால், குழாயை இப்போது கழற்றி வைக்கிறோம், நீங்கள் போன பிறகு பூட்டிக்கொள்கிறோம் என்று பெரிய மனசோடு விட்டுக்கொடுப்பான். ஒரே ட்ரிப் சுவிச்சில் இரண்டு வீடு ஓடாதா, அண்ணன் தம்பிதானே, என்று உறவுமுறை சொன்னவனும் உண்டு. இராமநாதன் அத்தனை பேருக்கும் முடியாது என்றே சொல்லிவந்தார். புத்தகம் ஏன் அப்படிச் சொல்கிறது, எவன் எங்கே எப்படிச் செத்த பிறகு அந்த வரி எழுதப்பட்டது என்று ஆரம்பத்தில் விளக்கமும் கொடுத்தார். பிறகு விளக்கத்தை நிறுத்தித் தலையை மட்டும் ஆட்டினார். கடைசியில் தலையாட்டவும் அலுப்பாகிவிட்டது. பல்லேகலயில் இருக்கும் மகள் கிருஷாந்திக்கு முதல் பிள்ளை, ஐந்தாம் மாதம். தாயில்லாத பெண். பிறக்கிற நேரம் பக்கத்தில் இருப்பேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்து, தொழிலை விட்டுவிட முடிவுசெய்தார். ஸாகியின் வீட்டுக்குப் போடுவதுதான் கடைசிக் கையெழுத்து.

ஸாகிக்கு நெஞ்சு பழுது. சுவாசிக்க ஒரு மிஷின் வேண்டும், அது ஓட மின்சாரம் வேண்டும். புது வீட்டுக்கு இணைப்பு வரவில்லை என்பதால், பக்கத்து வீட்டிலிருந்து ஒரு வயரை ஜம்பு மரத்தின் மேலாக இழுத்திருந்தார்கள். மழை பெய்தால் மரம் உறுமும். அந்த வயரைப் பார்த்ததுமே, இந்த வீட்டுக்குச் சீக்கிரம் ஒழுங்கான மின்சாரம் வராவிட்டால் மரத்தடியில் போகிற யாராவது கருகுவார்கள், வயரைக் கழற்றினால் ஸாகி போய்விடுவார் என்று இராமநாதன் கணக்குப் போட்டுவிட்டார். வீட்டுக்குள் எல்லாம் சரியாக இருந்தது. எர்த்தில்தான் சிக்கல். திகனவின் நிலத்துக்கு அடியில் வெள்ளைக் கல். செப்புக் கம்பியை அடித்தார்கள், வளைந்தது. வேறு இடத்தில் குழி தோண்டிக் கரியும் உப்பும் கொட்டிப் புதைத்தார்கள், நிலம் மின்சாரத்தை வாங்க மறுத்தது. எர்த்தை அளக்கும் சோதனைப் பெட்டியின் முள் மேலேயே நின்றது. களைத்துப்போன இராமநாதன் சப்பாத்தைக் கழற்றி, ஈர மண்ணில் காலை ஆறவைத்துக்கொண்டு, பச்சை மஞ்சள் எர்த் வயரின் நுனியைச் சும்மா கையில் பிடித்தார். முள் தொப்பென்று கீழே விழுந்தது. அவ்வளவு நல்ல எர்த்தை அவர் தொழிலில் கண்டதில்லை.

ஸாகியின் மனைவி மஸீனா அதைப் பார்த்துவிட்டாள். கடையில் ஸாகிக்குப் பக்கத்தில் இருந்து வியாபாரம் படித்தவள். பொருள் கைமாறும் நேரம் அவளுக்குத் தெரியும்.

"இப்பைக்கு அப்படியே நில்லுங்க பாஸ்," என்றாள்.

"அது முறையில்ல தங்கச்சி."

"முறைன்னு யாரு செல்றது? இப்பைக்குத்தானே."

இராமநாதன் சரி என்றார். அவர் செய்த பிழை அதுதான். கண்டியைச் சுற்றி இப்பைக்கு, அதாவது தற்காலிகம், என்று ஆரம்பித்த எதுவும் முடிந்ததாகச் சரித்திரம் இல்லை. இப்பைக்குப் போட்ட தகரக் கடைகள் பேரப்பிள்ளைகளுக்குச் சீதனமாகப் போயிருக்கின்றன. ஊருக்கே தெரிந்த இந்தச் சங்கதி, அன்றைக்குக் களைப்பில் அவருக்கு மறந்துபோனது.

இணைப்புக் கொடுக்க வந்த பரிசோதகர் சுதேஷ் பெட்டியை இரண்டு தரம் வைத்துப் பார்த்தார். பிறகு புத்தகத்தைத் திறந்தார். "கம்பி, தகடு, குழாய், இல்லாட்டி மண்ணோட சேர்ந்திருக்கிற பொருத்தமான வேற உலோகம்னு இருக்கு. உங்க உடம்புல உலோகம் ஏதும் இருக்கா அண்ணே?"

"இடது கால்ல ஸ்டீல் கம்பி. ஏணியிலேர்ந்து விழுந்தப்ப வெச்சது."

"அப்ப சரி. கரன்ட் இருக்கிற வரைக்கும் எர்த்தைக் கழட்டக் கூடாது. நான் சொல்லத் தேவையில்ல, நீங்களே ஊருக்கெல்லாம் சொன்னவரு."

மஸீனா தேத்தண்ணி கொண்டுவந்தாள். சுதேஷ் குடித்துவிட்டுப் போனார். ஜம்பு மரத்து வயர் கழற்றப்பட்டது, மரம் உறுமுவதை நிறுத்தியது. அன்று மாலை இராமநாதன் கை கழுவ எழும்பி சீமெந்துப் படியில் கால் வைத்ததும், மின்சாரத்தைத் தானாக வெட்டும் ட்ரிப் சுவிச் விழுந்தது. புத்தகப்படி எர்த் இல்லாததற்காக அது விழக் கூடாது. ஆனால் விழுந்தது, உள்ளே மிஷின் நின்று, ஸாகி மீன் மாதிரி வாயைத் திறந்தார். இராமநாதன் திரும்ப மண்ணில் இறங்கியதும், மஸீனா சுவிச்சைத் தூக்கிவிட மிஷின் ஓடியது.

அதற்குப் பிறகு மாதங்கள் அப்படியே போயின. கட்டிலை வெளியே போட்டு, ஒரு காலை மண்ணில் தொங்கவிட்டுத் தூங்கினார். மஸீனா காலையிலும் மாலையிலும் அவர் பாதத்தைச் சுற்றி உப்புத் தண்ணீர் ஊற்றினாள்; மூன்று வேளையும் சாப்பாடு தந்தாள்; இரண்டாவது மீன் துண்டுக்கு மட்டும் கொஞ்சம் யோசித்தாள். அவளுடைய தம்பிமார், மச்சான்மார் என்று கால் உள்ளவர்கள் எல்லாரும் வந்து அவருக்குப் பதிலாக நின்று பார்த்தார்கள். முள் யாருக்கும் அசையவில்லை. இராமநாதனுக்கு உள்ளங்காலாலேயே வீடு விளங்கியது. சோறு வேகும்போது முழங்கால் கனத்தது, அயன் பெட்டி எறும்பாகக் கடித்தது, ஸாகியின் மிஷின் குதிகாலில் பூனைக்குட்டி போல விட்டுவிட்டு உறுமியது. ஒரு நாள் அணில் பச்சை மஞ்சள் வயரைக் கடித்துத் துண்டாக்கியிருந்ததைக் கண்டார்கள். எப்போது கடித்ததோ தெரியாது, வீட்டில் விளக்கெல்லாம் எரிந்துகொண்டுதான் இருந்தன. வயர் தேவையில்லை, பாஸின் கால் மண்ணில் பட்டிருந்தால் போதும் என்று விளங்கியது. அதனால் தோட்டத்தில் நாலு பக்கமும் நடக்க முடிந்தது. செருப்பு மட்டும் போடக் கூடாது.

கிருஷாந்திக்கு வலி எடுத்துக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள் என்று ஒரு வெள்ளிக்கிழமை காலை போன் வந்தது. இராமநாதன் மஸீனாவைப் பார்த்தார். மஸீனா மண்ணைப் பார்த்தாள்.  ஜன்னலோரம் படுத்திருந்த ஸாகி, மூச்சுப் பிடிக்காததால் கொஞ்ச நாளாக விரல்களாலேயே பேரம் பேசுகிறவர், பேரம் இல்லை, போங்க என்பது போல எல்லா விரல்களையும் மடக்கிக் கையைக் கீழே வைத்தார். திகனவில் எந்த வாடிக்கைக்காரனும் அவர் அப்படி வைத்துக் கண்டதில்லை. அந்தக் கைதான் இராமநாதனை யோசிக்க வைத்தது. மண் என்றால் இந்த வீட்டு வளவு மண் மட்டுமா? புத்தகம் நிலம் என்றுதான் சொல்கிறது, யாருடைய நிலம் என்று சொல்லவில்லை. கேற்றைத் திறந்து வீதியோரப் புல்லில் கால் வைத்தார். குதிகாலில் பூனைக்குட்டி உறுமிக்கொண்டே இருந்தது.

பஸ்ஸில் ஏற முடியாது. தாரில் நடக்க முடியாது. பல்லேகல, குண்டசாலை என்று வடிகால் ஓரமும் வேலி ஓரமுமாக, நெருஞ்சியும் போத்தல் ஓடும் பார்த்துப் பார்த்து, கம்பி வைத்த காலை இழுத்துக்கொண்டு நடந்தார். குறுக்கே வந்த சீமெந்துப் படலை வாசல்களையும் தார் போட்ட முடுக்குகளையும் ஒரே எட்டில் தாண்டினார்; அந்த எட்டுக்கு ட்ரிப் சுவிச் பொறுத்துக்கொண்டது. தென்னக்கும்புர பாலத்துக்கு வந்துதான் நின்றார். கீழே மகாவலி, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை வெறும் கொங்கிரீட். மஸீனாவுக்குப் போன் எடுத்தார்.

"எவ்வளவு நேரம் பாஸ்?"

"பத்து நிமிஷம்."

"நாலு."

"கால்ல கம்பி, தங்கச்சி. எட்டு."

"அஞ்சு. அதுக்கு மேல பஸ்னாட வாப்பாக்குத் தாங்காது." பஸ்னா அவர்களுடைய ஒரே மகள், பின்னால் அவள் அழுவது கேட்டது.

எர்த்தைக் கழற்றக் கூடாது என்ற விதியின் மேல் இராமநாதன் தன் வாழ்க்கையில் பேசிய ஒரே பேரம் இதுதான். அதிலும் தோற்றார். பாலத்தில் அவர் ஓடியதைக் கண்டவர்கள் பஸ்ஸைத் தவறவிட்டவர் என்று நினைத்தார்கள். நடுவில் ஒரு லொறிக்காரன் ஹோன் அடித்துத் திட்டினான். குதிகாலில் ஒன்றும் இல்லை. அந்த வெறுமை அவருக்கு வலியைவிட மோசமாக இருந்தது. அக்கரைச் சேற்றில் முழங்கால்வரை இறங்கி நின்றார். முதலில் சோற்றுப் பானையின் கனம் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. அவர் கரையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம், கீழே எங்கேயோ, மிஷின் ஒரு தரம் இழுத்தது, இன்னொரு தரம் இழுத்தது. போனில் மஸீனா, "இரிக்கிறார்," என்றாள். 

வாவியோரத்து மர நிழலில், அகன்ற பாதைகளில் நடுத்திட்டுப் பூம்பாத்தியில் ஏறி இறங்கி, டவுனைக் கடந்தார். ஆஸ்பத்திரிக் காவலாளி சேற்றுக்காலோடு உள்ளே விட மாட்டேன் என்றான். உள்ளே வரவில்லை, பாத்திதான் வேண்டும் என்று கேட்டு, பிள்ளைப்பேற்று வார்டின் ஜன்னலுக்குக் கீழே குரோட்டன்களுக்கு நடுவே போய் நின்றார். கிருஷாந்தி மத்தியானம் பெற்றுவிட்டாள். பெண் பிள்ளை. மாலையில் பிள்ளையோடு ஜன்னலுக்கு வந்தாள்.

"பிந்திட்டேன்மா."

"வந்துட்டீங்கதானே. உள்ள வாங்கப்பா."

"தரை டைல்ஸ்."

வயரிங்காரன் மகள், அதற்கு மேல் கேட்கவில்லை. பிள்ளையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். இராமநாதன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். தன்னில் ஒரு வீட்டு மின்சாரம் இறங்கிக்கொண்டிருக்கிறது என்றார்.

"ஒழுங்கா எர்த் பண்ணினதைத் தொட்டா யாருக்கும் ஒண்ணும் ஆகாது. விதி அதுதானேப்பா? பிடிங்க, கை வலிக்குது."

அவர் விதியை மனதுக்குள் ஒரு தரம் முன்னும் பின்னும் வாசித்துப் பார்த்தார். ஓட்டை எதுவும் இல்லை. கையை நீட்டி வாங்கினார். பிள்ளை கண்ணைத் திறந்து பார்த்து, கொட்டாவி விட்டு, அவர் நெஞ்சில் தூங்கிப்போனது. திகனவில் அந்த நேரம் ஒரு பல்ப்கூடச் சிமிட்டவில்லை. ஜன்னலுக்கு வந்த தாதி, பிள்ளையின் கண்ணில் வெயில் படுகிறது, கொஞ்சம் இந்தப் பக்கமாகத் தள்ளி நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போனாள்.