ஏழுக்கு மூன்று

1

மார்ச் 14, செவ்வாய்க்கிழமை. இரண்டாம் மாடி, துணி உலர்த்தும் கம்பிகளை ஒட்டிய அறை. காலை 10.42க்கு சதுரங்கம் ஆடும் ஒரு கணினி நிரலின் புதிய வடிவம் பழைய வடிவத்தை ஏழுக்கு மூன்று என்று வென்றது.

இந்தக் கதை அந்த ஸ்கோரிலிருந்து பிறந்தது. நிரலை எழுதியவர்கள் ஓர் அக்காவும் தம்பியும், என் பக்கத்து வீட்டுக்காரர்கள். சதுரங்கத்தில் எனக்குத் தெரிந்தது, குதிரை தாண்டும் என்பது மட்டும்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'தம்பியின் கண்களில் ஏழு மாத உழைப்பு மின்னி...' வேண்டாம். அவன் கண்களில் இருந்தது தூக்கம்.

விஷயம் இதுதான். நண்பகல் பன்னிரண்டுக்குள் போட்டிக்கு ஒரு வடிவத்தை அனுப்பியாக வேண்டும். பழையது அக்கா எழுதியது. புதியது தம்பி ஏழு மாதம் உட்கார்ந்து மாற்றியது. அது பலமானதென்று காட்டாவிட்டால் குப்பையில் போட்டுவிடுவதாக அவனே வாய்விட்டுச் சொல்லியிருந்தான்.

"ஏழுக்கு மூணுன்னா ரேட்டிங்ல நூத்தி நாப்பத்தேழு புள்ளி ஏத்திட்டேன்க்கா!"

"பத்து ஆட்டத்துலயா? டேய், இத வச்சுப் பாத்தா முப்பத்தஞ்சு கொறஞ்சும் இருக்கலாம், ஐந்நூறு ஏறியும் இருக்கலாம். மூணு தடவ பூ விழுந்தா காசுக்கு ரெண்டு பக்கமும் பூன்னு சொல்லுவியா?"

"உனக்குப் பொறாமை."

"ஆமா, வயிறு எரியுது. ஆயிரம் ஆட்டம் ஓட்டிட்டு வா, இன்னும் நல்லா எரியட்டும்."

3

(அக்கா எப்போதும் சரியாகவே பேசுகிறாள். இப்படிப்பட்ட பாத்திரத்தை யாரும் மன்னிப்பதில்லை. அவள் தடுக்கி விழ ஓர் இடம் தேடிக்கொண்டிருக்கிறேன்.)

11.20க்கு அவள் இரண்டு வடிவங்களின் கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரே அளவு. ஓர் எழுத்துகூட மாறவில்லை. தம்பி மாற்றங்களையெல்லாம் எழுதிச் சேமித்திருந்தான். அவற்றை ஓடக்கூடிய நிரலாகக் கட்டத்தான் மறந்துவிட்டான். காலையில் மோதிக்கொண்டவை பழையதும் அதன் நகலும்.

"என் புரோகிராம் என் புரோகிராமையே ஏழுக்கு மூணுன்னு அடிச்சிருக்கு. என் தெறமையப் பாத்தியா?"

தம்பி தலையில் கைவைத்துக்கொண்டான்.

4

இங்கே முடித்திருந்தால் நீதிக்கதை ஆகியிருக்கும். முன்னிலையில் இருக்கும்போது நிறுத்திக்கொள்வது கதை எழுதுகிறவர்களின் கெட்ட பழக்கம்.

நிஜமான புதியதைக் கட்டினார்கள். மறுபடி பத்து ஆட்டத்துக்குத்தான் நேரமிருந்தது. 11.49: புதியதற்கு நான்கு, பழையதற்கு ஆறு.

"எழுபது எறங்கியிருக்கு," என்றாள் அக்கா. "குப்பைத்தொட்டி அந்தப் பக்கம்."

"பத்து ஆட்டத்துல என்னக்கா தெரியும்?"

அக்கா குப்பைத்தொட்டியைக் காட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

(அவள் தடுக்கி விழ இடம் கிடைத்துவிட்டது. சத்தியமாக நான் தள்ளவில்லை.)

5

முடிவு அ: பழையதை அனுப்புகிறார்கள், தம்பி ஒரு வாரம் பேசுவதில்லை. முடிவு ஆ: புதியது போகிறது. இரண்டையும் ஐந்து நண்பர்களிடம் காட்டினேன். 'ஆ'வுக்கு மூன்று பேர், 'அ'வுக்கு இரண்டு. 'ஆ ஜெயித்துவிட்டது' என்று அக்காவிடம் சொன்னேன்.

"அஞ்சு பேர்லயா?" என்றாள்.

ஆறாவது ஆள் நீங்கள். எது நல்ல முடிவு என்பதை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். நடந்ததை மட்டும் எழுதிவைக்கிறேன்.

11.57க்கு அக்கா தன் கையால் புதியதை அனுப்பினாள். போட்டியில் ஏழு ஆட்டங்கள். அது எடுத்தது மூன்றரைப் புள்ளி, சரிபாதி.