பின் பேசறேன்

எங்கள் அறை அண்ணனுக்கு ஒத்தப்பின் என்று பெயர் வைத்தது மாமாதான். மாமா என்றால் எங்களில் யாருக்கும் சொந்த மாமா இல்லை. ஹோட்டல் வேன் ஓட்டுகிறவர், அறையில் மூத்தவர், அதனால் மாமா.

நாங்கள் வேலை பார்க்கும் நாட்டில் அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. இனிமேல் கடையில் விற்கிற எந்தப் போனாக இருந்தாலும் சார்ஜ் போடுகிற பின் ஒரே மாதிரி இருக்க வேண்டும், கம்பெனிக்கு ஒன்று என்று இருக்கக் கூடாது. எங்கள் போன்களும் ஒவ்வொன்றாக மாறின. ஒன்று கெட்டுப்போனது, ஒன்று வாளித் தண்ணீரில் விழுந்தது. அண்ணன் மட்டும் மாற்றவில்லை. அவருடையது பழைய போன், பழைய சப்பைப் பின்.

"நாடே ஒரே பின்னுக்கு வந்தாச்சு. இவரு மட்டும் ஒத்தையா ஒரு பின்னைப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாரு பாரு" என்றார் மாமா. அன்றிலிருந்து ஒத்தப்பின்.

சட்டம் போட்டவர்கள் நல்லதுக்குத்தான் போட்டிருப்பார்கள். எங்கள் அறைக்கு அதனால் வந்தது சண்டைதான். முன்பெல்லாம் அவனவன் சார்ஜர் அவனவனுக்கு. இப்போது எல்லாமே எல்லோருக்கும் பொருந்துகிறது. வேலை முடிந்து வந்து பார்த்தால் என் சார்ஜர் மாமா கட்டிலில் கிடக்கும். மாமாவுடையது எங்களோடு தங்கியிருக்கிற சமையல்காரன் தலையணைக்கடியில் இருக்கும். சமையல்காரனுடையது எங்கே என்று கடவுளுக்கும் தெரியாது.

"என் சார்ஜர் எங்க மாமா?"

"எதுடா உன் சார்ஜர்? பேர் பொறிச்சிருக்கா?"

"வெள்ளையா இருக்குமே."

"எல்லாம் வெள்ளைதான்டா. சட்டம் போட்டவன் நம்ம ரூம்ல ஒரு வாரம் வந்து தங்கிப் பாக்கணும். அப்பத் தெரியும் சேதி."

ஒத்தப்பின் அண்ணன் சார்ஜரை மட்டும் யாரும் தொட மாட்டோம். ஜன்னல் ஆணியில் அது பாட்டுக்குத் தொங்கும்.

அண்ணனும் நானும் ஹோட்டலின் அடித்தளத்தில், சலவைப் பிரிவில். துவைத்த படுக்கை விரிப்புகள் சுருக்கம் நீங்கச் சூட்டு உருளைக்குள் போய் வெளியே வரும். அவர் அந்த முனை, நான் இந்த முனை. இழுத்து உதறி, நடந்து வந்து, என் கையில் இருக்கும் முனையை அவர் வாங்குவார். நான் குனிந்து மடிப்பைப் பிடிப்பேன். அவர் வாங்குகிறவரை நான் விடக் கூடாது. விட்டால் துணி ஈரத் தரையில், மறுபடி துவைக்க வேண்டும். நாள் முழுக்க இதுதான். பேசாமலே நடக்கும். அவர் இருமினால் எந்த நேரத்தில் நிற்பார் என்று எனக்குத் தெரியும்.

அண்ணியை நான் பார்த்ததில்லை. குரல் தெரியும். அண்ணன் போனில் காதில் வைக்கிற ஸ்பீக்கர் போய்விட்டது, சத்தமாகப் போட்டுத்தான் பேச முடியும். அதனால் அவர் குடும்பம் எங்கள் எல்லோருக்கும் குடும்பம். அண்ணிக்கு வேறு ஊருக்கு வேலை மாற்றல் ஆகியிருந்தது. அங்கே ஒரு வீடு பார்த்து வைத்திருந்தார், ரெண்டு ரூம். அண்ணன் திரும்பி வருவதாக இருந்தால் அந்த வீடு. வரவில்லை என்றால் அண்ணியும் மகளும் அண்ணியுடைய அக்கா வீட்டோடு போய் ஒண்டிக்கொள்வார்கள். இங்கே சூப்பர்வைசர் அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தார், அடுத்த கான்ட்ராக்டுக்குக் கையெழுத்துப் போடுகிறீர்களா இல்லையா என்று. ரெண்டு பேருக்கும் வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

"மூணு பேரா, ரெண்டு பேரா? அதை மட்டும் சொல்லுங்க. மீதிய நான் பாத்துக்கறேன்" என்றார் அண்ணி.

"யோசிச்சுச் சொல்றேம்மா."

"யோசிக்கறதுக்கு இது என்ன பரீட்சையா?"

அந்த வாரம்தான் அண்ணன் சார்ஜர் ஒயர் கழுத்தில் அறுந்தது. டேப் சுற்றிப் பார்த்தார், பிழைக்கவில்லை. அவரோடு நானும் கடைக்குப் போனேன். சட்டம் வந்தபிறகு பழைய பின் வைப்பதில்லை என்றார் கடைக்காரர். இன்னொரு கடையிலும் அதையே சொன்னார்கள். ஒரு மனுஷன் அலைந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினால் முகம் வாட வேண்டும். அண்ணன் முகத்தில் ஒரு நிம்மதி. ரொம்ப நேரம் நின்றவனுக்கு பஸ்ஸில் இடம் கிடைத்தால் வருமே, அந்த மாதிரி.

மிச்சமிருந்த சார்ஜில் அண்ணிக்கு ஒரு மெசேஜ் போட்டார். பேசும்போது எப்படிப் பேசினாலும், எழுதும்போது அண்ணன் சுருக்கமாக, புத்தகத்தில் இருக்கிற மாதிரி எழுதுவார்.

"பின் இல்லை. பின் பேசறேன்."

முதல் பின் சார்ஜர் பின். ரெண்டாவது பின் அப்புறம் என்கிற பின். என்னிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்பினார். உடனே பதில் வந்தது.

"அரசாங்கமே எல்லாப் பின்னையும் ஒண்ணாக்கிட்டாங்கன்னு செய்தியில சொன்னாங்க. நம்மள ஒண்ணாக்க ஒரு சட்டம் வராதா? எனக்கு இனிமே பின் கிடையாது. மூணா, ரெண்டா?"

படித்து முடிப்பதற்குள் போன் அணைந்துவிட்டது. அண்ணன் அதைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"என் போன்ல பேசுங்கண்ணே" என்றேன்.

"நம்பர் மனப்பாடம் இல்ல தம்பி."

கட்டின மனைவி நம்பர்.

வியாழக்கிழமை மாமா வேனைக் கழுவிவிட்டு வந்து ஒரு சின்னச் சாமானைக் கட்டிலில் போட்டார். விரல் நகம் அளவுதான் இருக்கும். ஒரு பக்கம் புதுப் பின்னைச் செருகலாம், மறுபக்கம் பழைய சப்பைப் பின்.

"வேன் சீட்டுக்கடியில கெடந்துச்சு. எவனோ விட்டுட்டுப் போயிருக்கான். இந்தாய்யா ஒத்தப்பின், உனக்கும் விமோசனம் வந்தாச்சு. இனிமே யார் சார்ஜரும் உனக்குச் சேரும்."

மாமா சிரித்தார். சமையல்காரனும் சிரித்தான். அண்ணன் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி ஆள் வந்து நின்றால் எப்படிப் பார்ப்பார்களோ, அப்படிப் பார்த்தார். பிறகு "நன்றி மாமா" என்றார்.

அன்றைக்கு அவர் சார்ஜ் போடவில்லை. அசதி என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சலவைக்கூடத்தில் டீ இடைவேளை. நான்தான் கேட்டேன், போனைக் குடுங்கண்ணே என்று. மறுக்க அவருக்குத் தெம்பில்லை. என் சார்ஜரில் அந்தச் சின்னச் சாமானைச் செருகி, அதைப் போனில் செருகினேன். நிற்கவில்லை. போனின் ஓட்டை தேய்ந்து லொடலொடவென்று இருந்தது. கட்டைவிரலால் ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால் விளக்கு வந்தது. விரலை எடுத்தால் போயிற்று. பேட்டரியில் சுத்தமாக உயிர் இல்லை, கரண்ட் வருகிறவரைதான் போன். அதனால் உருளை மிஷின் பக்கத்தில், சுவரோரம், நான் குந்தி உட்கார்ந்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

போனுக்கு உயிர் வந்ததும் வரிசையாக மெசேஜ் சத்தம். அது அடங்குவதற்குள் மணி அடித்தது. அண்ணி.

அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தானைத் தொட்டார்.

"உயிரோட இருக்கீங்களா?"

"இருக்கேம்மா. இந்தப் பின்னு..."

"பின்னுப் பேச்சே வேணாம். வீட்டுக்காரர் இங்கதான் நிக்கிறாரு. சாவிய வேற ஆளுக்குக் குடுத்துடுவேங்கறாரு. மூணா, ரெண்டா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். என் முகத்தை அல்ல, கட்டைவிரலை. அப்புறம் கண்ணாலேயே ஒரு ஜாடை. விடு.

எனக்குப் புரிந்தது. விரலை எடுத்தால் போன் இருண்டுவிடும். பின் கழன்றுவிட்டது என்று அவர் சொல்லலாம், அது பொய்யும் இல்லை. அண்ணி அக்கா வீட்டுக்குப் போய்விடுவார். இவர் கையெழுத்துப் போடுவார். திங்கட்கிழமை விரிப்பின் அந்த முனையில் இவரே நிற்பார். எனக்கும் அது வசதிதான். இந்த ஊரில் இருமலை வைத்தே ஆளைப் புரிந்துகொள்ள எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்.

விரல் சுட ஆரம்பித்தது. நான் விடவில்லை. நல்லவன் என்பதால் இல்லை. முனையைக் கையில் வைத்திருக்கிறவன் எதிரே இருப்பவர் வந்து வாங்குகிறவரை விடுவதில்லை. பழக்கம்.

"தம்பி..." என்றார் அண்ணன் மெதுவாக.

"பேசுங்கண்ணே" என்றேன்.

"அங்க யாரு?" என்றார் அண்ணி.

"கூட வேல பாக்கற தம்பி. பின்னைப் புடிச்சிக்கிட்டு இருக்கான்."

"அவருக்கு இருக்கற அக்கறைகூட உங்களுக்கு இல்ல. சொல்லுங்க."

அண்ணன் தலை குனிந்துகொண்டார். உருளை மிஷின் ஆறுகிற சத்தம் மட்டும் டிக் டிக்கென்று கேட்டது.

"நான் வந்து என்னம்மா பண்ணப் போறேன்?"

"என்ன பண்ணப் போறேன்னா?"

"எனக்கு ஒடம்புல ஒண்ணுமே மிச்சமில்ல. ரொம்பக் களைச்சுட்டேன். ஒரு கடைகிடை வெப்பேன், ஓடியாடிச் சம்பாதிப்பேன்னு நீ நெனச்சா அது நடக்காது. பொண்ணு என்னத்தையாவது பேசும், எனக்குப் பதில் பேச வராது. வந்தா நான் பாட்டுக்குப் படுத்தே கெடப்பேன். அதைப் பாத்து நீங்க ரெண்டு பேரும் வெறுத்துப் போவீங்க. அதான்... அதான் சொல்லாம இருந்தேன்."

இவ்வளவு நீளமாக அண்ணன் பேசி நான் கேட்டதில்லை. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பின் நழுவிவிட்டதோ என்று பயந்து இன்னும் அழுத்தினேன். திரை எரிந்துகொண்டுதான் இருந்தது.

"இதுக்கா இத்தன நாளு பின்னு பின்னுன்னீங்க?" என்றார் அண்ணி. கோபம் போய்விட்டிருந்தது. அவர் குரலிலும் அதே அசதி. "வந்து படுங்க. நல்லாத் தூங்குங்க. அந்த ரெண்டாவது ரூம் பின்ன எதுக்காம்?"

அண்ணன் முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அங்கே எப்போதும் வியர்வைதான், வித்தியாசம் தெரியாது.

"மூணு" என்றார்.

"சத்தமாச் சொல்லுங்க. வீட்டுக்காரர் நம்ப மாட்டேங்கறாரு."

"மூணும்மா! மூணு பேரு!"

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சூப்பர்வைசர் அம்மா கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். அண்ணன் எழுந்து நேராக அவரிடம் போனார். நான் விரலை எடுத்தேன். போன் இருண்டது. கட்டைவிரலில் அந்தச் சின்னச் சாமானின் அச்சு சிவப்பாகப் பதிந்திருந்தது.

அண்ணன் ஊருக்குப் போகும்போது அந்தப் பழைய போனை எடுத்துப் போனார். சின்னச் சாமானை ஒரு நூலில் கட்டி ஜன்னல் ஆணியில் தொங்கவிட்டுவிட்டார். யாருக்கும் உபயோகமில்லை, அதனால் அங்கேயே இருக்கிறது. சார்ஜர் சண்டை தினமும் நடக்கிறது. விரிப்பின் அந்த முனைக்குப் புது ஆள் வந்திருக்கிறார். நல்ல மனுஷன்தான். ஆனால் நான் குனிவதற்கு முன்னாலேயே இழுத்துவிடுகிறார். துணி தரையில் விழுகிறது, மறுபடி துவைக்கிறோம்.

ஒரு விடுமுறை நாளில் அண்ணனோடு பேச அண்ணி நம்பருக்குப் போன் போட்டேன். மகள் எடுத்தாள்.

"அப்பா தூங்கறாங்க சித்தப்பா. வந்ததுலேருந்து தூக்கந்தான். எழுப்பவா?"

பின்னால் அண்ணி பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. எனக்கும் சொல்ல விஷயம் இருந்தது, மாமா பற்றி, புது ஆள் பற்றி, சமையல்காரன் பற்றி.

"வேணாம்மா. தூங்கட்டும்" என்றேன். "பின் பேசறேன்னு சொல்லு."