முப்பத்தைந்து மில்லிலீற்றர்

இராணுவ முகாம்களில் எங்களை யாருக்கும் பிடிக்காது. காலை ஆறு மணிக்கு முன்னறிவிப்பில்லாமல் வான் வண்டியில் போய் இறங்குவோம். வாசலைப் பூட்டுவார்கள். பிறகு ஒவ்வொரு சிப்பாயாக வந்து எங்கள் முன்னால் போத்தலில் சிறுநீர் கழிக்க வேண்டும். போதைப்பொருள் அகப்பட்டால் வேலை போகும். தர மறுத்தாலும் போகும்.

1996 நவம்பர், ஒரு வெள்ளிக்கிழமை. தென்மேற்கு லண்டனில் ஒரு முகாம். நான் யாழ்ப்பாணத்தில் இரசாயனவியல் படித்தவன். இங்கே இராணுவத்துக்கு மாதிரி சேகரிக்கும் ஒப்பந்த நிறுவனத்தில் வேலை. தோளுக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பதுதான் என் பணி. அவனவன் உடம்பிலிருந்துதான் வருகிறது என்று கண்ணால் கண்டால்தான் கையெழுத்துப் போடலாம்.

"வடிவாப் பார். உங்கட ஊரில இந்த அளவு கிடையாது," என்றான் ஒரு கோப்ரல், அவனுடைய இங்கிலீஷில்.

வரிசை சிரித்தது.

"கோட்டுக்கு மேலே வந்தால் போதும்," என்றேன்.

போத்தலில் முப்பத்தைந்து மில்லிலீற்றரில் ஒரு கோடு இருக்கும். அதற்குக் கீழே நின்றால் மாதிரி செல்லாது.

ஒன்பது மணிக்குக் குலசேகரம் என்று கூப்பிட்டேன். இருபது இருபத்தொரு வயது. களஞ்சியத்தில் வேலை. உதடு வெடித்திருந்தது. கதவைச் சாத்தியதும் மெதுவாகக் கேட்டான்.

"அண்ணை, நீங்கள் தமிழோ?"

"ஓம். மேற்சட்டையைக் கழட்டு."

வெகுநேரம் நின்றான். கடைசியில் வந்தது பதினைந்து மில்லிலீற்றர். கடும் மஞ்சள். போத்தலை வாங்கி மலகூடத்தில் கவிழ்க்கப் போனேன்.

"ஐயோ, ஊத்தாதேங்கோ அண்ணை. பிறகு வாறதோட சேர்க்கலாம்."

"சேர்க்க ஏலாது. விதி."

ஊற்றினேன். யாரும் அள்ளிக் கலக்காமல் இருக்க மலகூடத் தண்ணீருக்கு நீலச்சாயம் போட்டிருந்தோம். அது பச்சையாகியது. அவன் அதையே பார்த்தான்.

"பன்னிரண்டு மணி வரைக்கும் நேரம் இருக்கு. வெளியில ஜக்கில தண்ணி இருக்கு, குடி."

"குடிக்க ஏலாது. கந்தசஷ்டி. இண்டைக்கு அஞ்சாம் நாள்."

ஆறு நாளும் பொழுதுபட உள்ளங்கையில் அள்ளிய மூன்று சிரங்கை தண்ணீரும் ஒரு மிளகும் மட்டும் என்று நேர்ந்திருந்தான். நோர்பரியில் இருக்கும் தாய்க்குத் திங்கட்கிழமை இருதய ஒப்பரேஷன். அவள் பிழைக்கவேண்டும் என்று பிடித்த விரதம்.

"இடையில முறிச்சால் அம்மாவுக்குத்தான் அண்ணை."

"தராவிட்டால் மறுத்தாய் எண்டு எழுதுவினம். வேலை போகும்."

"தெரியும். நீங்கள் சார்ஜன்டுக்கு எடுத்துச் சொல்லுங்கோ. நான் சொன்னால் நம்பமாட்டான். உங்களுக்கு விளங்கும்தானே."

பதினொரு மணிக்குச் சார்ஜன்ட் வந்தான். அதற்குள் குலசேகரம் இரண்டாம் தடவையும் முயன்றிருந்தான். எட்டு மில்லிலீற்றர். அதையும் ஊற்றியிருந்தேன். அவன் விரதத்தைப் பற்றிச் சொல்ல, சார்ஜன்ட் சிரித்தான்.

"ஐந்து நாளாகத் தண்ணீர் குடிக்காத சிப்பாய்! ஒட்டகமா இவன்? எதையோ புகைத்துவிட்டு நடிக்கிறான்." பிறகு என்னிடம் திரும்பினான். "உன் ஆள்தானே. நீ சொல். இவர்கள் சாமி தண்ணீர்கூடக் குடிக்க விடாதா?"

குலசேகரம் என்னைப் பார்த்தான்.

படிவத்தின் பின்பக்கத்தில் ஒரு விதி இருக்கிறது. தகுந்த காரணம் இருப்பதாகச் சேகரிப்பவர் கருதினால் முகாம் வைத்தியரை அழைக்கலாம். அவர் ஒப்புக்கொண்டால் நான்கு நாள் வரை தவணை கிடைக்கும். சிப்பாய்களுக்கு அது தெரியாது. சார்ஜன்டுக்கும் தெரிந்திருக்காது.

"தண்ணீர் குடிக்கலாம்," என்றேன். "நிறையப் பேர் குடித்துக்கொண்டுதான் விரதம் இருப்பார்கள்."

பொய் இல்லை. பாலும் பழமும் எடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

"கேட்டாயா?" என்று சார்ஜன்ட் ஜக்கை மேசையில் தள்ளிவிட்டுப் போனான்.

போன வருடம் என் மனைவி சிவகௌரி இதே விரதம் பிடித்தாள். பிள்ளை வரம் கேட்டு. நான்காம் நாள் குசினியில் மயங்கி விழுந்தாள். நான் அவள் தலையைத் தூக்கிப் பிடித்து, வேண்டாம் வேண்டாம் என்றவளின் வாயில் தேத்தண்ணீரை ஊற்றினேன். மார்ச்சில் தலைக்குள் இரத்தக்குழாய் வெடித்தது. இருபத்தேழு வயது. செத்தவீட்டில் அவளுடைய தாய் தவமலர் எல்லோரும் கேட்க என்னைக் காட்டிச் சொன்னார்: "விரதத்தை முறிச்சு என்ரை மகளைக் கொன்றவன் இவன்தான்." நான் அதை நம்பவில்லை. இரத்தக்குழாய்க்கு விரதம் தெரியாது. ஆனால் பஸ்ஸில் இருக்கும்போதும் பல் தீட்டும்போதும் அது கேட்கிறது.

இவன் மட்டும் ஆறு நாளையும் முடித்து, தாயும் பிழைத்து எழும்பினால், தவமலர் சொன்னது சரியாகிவிடாதா? அதை நான் விரும்பவில்லை. அவ்வளவுதான்.

"ஏன் அண்ணை அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"உண்மையைத்தானே சொன்னன்."

"தமிழன் எண்டு நம்பினன்." இங்கிலீஷில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். "வெள்ளையன் பரவாயில்லை. அவனுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்."

பதினொன்றேகால். அவன் ஜக்கைத் தூக்கினான். கோப்பையில் ஊற்றவில்லை. அப்படியே குடித்தான். தண்ணீர் தாடையில் வழிந்து சட்டையை நனைத்தது. பாதியில் ஓங்காளித்தான். திரும்பவும் குடித்தான். குடித்து முடிக்கும் வரைக்கும் கண்ணை என்னிலிருந்து எடுக்கவில்லை.

பன்னிரண்டுக்கு ஏழு நிமிடம் இருக்கையில் கதவைச் சாத்தி நின்றோம். ஐம்பது மில்லிலீற்றர். வெப்பம் சரி. இரண்டு போத்தலாகப் பிரித்து மூடினேன். ஒட்டுத்தாளை ஒட்டினேன். அவன் கையெழுத்திட்டான். நானும் இட்டேன். அவனுக்குரிய பிரதியைக் கிழித்துக் கொடுத்தேன்.

அதில் என் பெயரைத் தேடி வாசித்தான்.

"பத்மநாதன். அம்மாவுக்கு ஏதும் நடந்தால் தேடி வருவன். விளையாட்டுக்குச் சொல்லேல்லை."

அப்போதுதான் படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பி அந்த விதியில் விரலை வைத்தேன். வாசிக்கச் சொன்னேன். வாசித்தான். இரண்டாம் தடவையும் வாசித்தான்.

"இது முதலே தெரியுமோ?"

"தெரியும்."

அவன் அடிப்பான் என்று நினைத்தேன். கை எழும்பியது. நான் விலகவில்லை.

"முறிச்சது நான்தான்," என்றேன். "நீயில்லை. கொம்மாவுக்கு என்ன நடந்தாலும் இதில இருக்கிற என்ரை பேரைச் சொல்லு. உன்ரை பேரைச் சொல்லாதை."

கையை இறக்கினான். என் சப்பாத்தின்மேல் காறித் துப்பினான். பிரதியை நான்காக மடித்து மார்புப் பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு போனான்.

வரிசையில் இன்னும் பதினொரு பேர் இருந்தார்கள்.